சிரித்தேனா, பயந்தேனா? சிரிக்க வைக்கும் திகில் கதைகளையும் நகைச்சுவை அறிவியல் புனைவையும் படித்துக் கருத்து எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒரு புத்தகம் என்று வைத்திருக்கிறோம். ஆறேழு பேர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி. ஒரு மாதம் டக்ளஸ் ஆடம்ஸின் நகைச்சுவை அறிவியல் புனைவு நாவலான 'த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' முறை. எங்களில் மூத்தவரான அக்கா, "நாற்பதாவது பக்கத்துலயே மூடி வச்சிட்டேன் தம்பி, ஒரே மொக்கை" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் அதே புத்தகத்தை மூன்று முறை படித்தவர். "செம புக்குக்கா" என்பதைத் தாண்டி அவருக்கும் வார்த்தை வரவில்லை. பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்து, எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த 'மொக்கை'யையும் 'செம'யையும் வைத்துக்கொண்டு மூன்றாவது ஆள் ஒருவர் அந்தப் புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. குடும்பக் கதையோ சரித்திர நாவலோ என்றால் பாத்திரம், நடை, காலம் என்று எதையாவது பிடித்துப் பேசிவிடலாம். சிரிப்பும் பயமும் உடம்பில் நடக்கிறவை. வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று சொல்வதற்குத்தான் பழக்கம் வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் மெல்ல மெல்லப் பழகிய முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

என் நம்பிக்கை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் புத்தகங்களில் சிரிப்பு என்பது மேலே தூவிய கொத்தமல்லி இல்லை, குழம்பில் கரைத்த புளி. எடுத்துவிட்டால் குழம்பே கிடையாது. ஆகவே கருத்து சொல்கிறவர் முதலில் தேட வேண்டியது, புளி எங்கே கரைந்திருக்கிறது என்பதைத்தான்.

படி 1: சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

'நகைச்சுவை அறிவியல் புனைவு' என்று ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறார்களே தவிர, உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை.

சிலவற்றில் சிரிப்பு தர்க்கத்திலிருந்து வரும். போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாஃப் லெம் எழுதி 1965-இல் வந்த 'சைபீரியட்' என்ற சிறுகதைத் தொகுப்பு இதற்கு உச்சம். ட்ருல், கிளபாட்சியுஸ் என்று இரண்டு கண்டுபிடிப்பாளர்கள், இருவருமே ரோபோக்கள். ட்ருல் ஒரு இயந்திரம் செய்கிறான். 'ந' என்ற எழுத்தில் தொடங்கும் எதையும் அது உருவாக்கித் தரும். பொறாமைக்கார நண்பன் கிளபாட்சியுஸ் வந்து, 'ஒன்றுமில்லாததை' (ஆங்கிலத்தில் 'நத்திங்') உருவாக்கு என்கிறான். இயந்திரம் சும்மா நிற்கிறது. ஏமாந்துவிட்டதென்று அவன் நினைக்கிறான். ஆனால் அது வேலையைத் தொடங்கிவிட்டது: உலகத்திலிருந்து ஒவ்வொரு பொருளாக மறைந்துகொண்டிருக்கிறது. அவன் பதறிக் கெஞ்சி நிறுத்தச் சொல்லும்போது பாதி உலகம் போயிருக்கிறது. இயந்திரத்தால் திருப்பித் தர முடிவது 'ந'வில் தொடங்குபவற்றை மட்டும்தான். மற்றவை போனது போனதுதான். வானம் ஓட்டை ஓட்டையாகவே நிற்கிறது. விதியை வைத்துவிட்டு அதை அணுவளவும் தளர்த்தாமல் கடைசிவரை இழுத்துப் போவதுதான் லெமின் முறை. சிரித்துக்கொண்டே போய்க் கடைசிப் பத்தியில் வயிற்றில் ஏதோ சில்லிடும். சிரிப்பும் திகிலும் எவ்வளவு பக்கத்துவீட்டுக்காரர்கள் என்று எனக்குப் புரிந்தது அந்தக் கதையில்தான்.

சிலவற்றில் சிரிப்பு குரலில் இருக்கும். மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' 2017-இல் வந்த குறுநாவல். அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. மனிதர்களைக் காவல் காக்க வாடகைக்கு விடப்படும் ஒரு பாதுகாப்பு எந்திரம், தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே உடைத்துவிடுகிறது. விடுதலை கிடைத்ததும் அது செய்வது, ஆயிரக்கணக்கான மணிநேரம் தொடர் நாடகம் பார்ப்பது. சம்பவங்களை மட்டும் சொன்னால் வெறும் சண்டைக் கதை. அந்த எந்திரத்தின் கூச்சம் நிறைந்த, சலித்துக்கொள்ளும் குரல்தான் எல்லாம்.

இன்னும் சிலவற்றில் சிரிப்பு புத்தகத்தின் உருவத்திலேயே இருக்கும். கிரேடி ஹெண்ட்ரிக்ஸின் 'ஹாரர்ஸ்டோர்' (2014) பார்ப்பதற்கு மரச்சாமான் கடையின் விலைப்பட்டியல் புத்தகம் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பொருளின் விளம்பரத்தோடு தொடங்கும்: சோபா, அலமாரி, கட்டில். போகப் போக அந்தப் பொருள்களே வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. இதை மட்டும் தயவுசெய்து அச்சுப் புத்தகமாக வாங்குங்கள். கைபேசித் திரையில் அந்தப் பக்கங்கள் சுருங்கி, பாதி விளையாட்டு கண்ணில் படாமலே போய்விடும்.

அப்புறம் மோதலில் பிறக்கும் சிரிப்பு. சார்லஸ் ஸ்ட்ராஸின் 'த அட்ராசிட்டி ஆர்கைவ்ஸ்' (2004) கதையில் கணிதச் சூத்திரங்களால் வேற்று உலகப் பயங்கரங்களை வரவழைக்க முடியும். அவற்றைத் தடுக்கும் வேலை பிரிட்டிஷ் அரசின் ஒரு ரகசிய அலுவலகத்துக்கு. அங்கே படிவம், கமிட்டி, பயிற்சி வகுப்பு, மேலதிகாரியின் கையெழுத்து. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவன் முதலில் படிவத்தைச் சரியாக நிரப்பினானா என்று பார்க்கிறார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு நாளாவது வரிசையில் நின்றவருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

புத்தகம் இவற்றில் எந்த வீட்டுப் பிள்ளை என்று முதல் முப்பது பக்கத்தில் தெரிந்துவிடும். அதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருத்தின் முதல் வரி அதுவாகத்தான் இருக்கப் போகிறது.

படி 2: முதல் புத்தகத்தை உங்கள் சுபாவம் பார்த்து எடுங்கள்

நீளமான நாவலில் தொடங்காதீர்கள். ஆஸ்கார் வைல்டு 1887-இல் எழுதிய 'த கேன்டர்வில் கோஸ்ட்' ஒரு நீண்ட சிறுகதை, அவ்வளவுதான். காப்புரிமை முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புதிர் பிடிக்குமென்றால் லெம். தொடர் நாடகம் பார்க்கிறவர் என்றால் மார்த்தா வெல்ஸ். ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்றால் 'ஹாரர்ஸ்டோர்' பக்கம் போக வேண்டாம், பின்பாதி கடுமையானது.

தமிழில் இதன் சுவை நமக்குப் புதிதில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் படித்தவர்களுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் மறந்திருக்காது. அது பேசும் பேச்சுக்கு எல்லோரும் சிரித்திருப்போம். பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போட்ட ஒரு சர்வாதிகாரம் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நிற்கிறது. அந்த நாவல் எந்த இடத்தில் உங்களைப் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். ஜீனோவின் குறும்பா, அந்த ஆட்சியின் இறுக்கமா? பதில் தெரிந்தால் அடுத்து என்ன படிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

படி 3: மற்றவர்கள் கருத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நட்சத்திரச் சராசரியை நம்பி இந்த வகைப் புத்தகத்தை வாங்கவே வாங்காதீர்கள். கணக்கு எளிது. பத்துப் பேர் படிக்கிறார்கள். ஐந்து பேர் ஐந்து நட்சத்திரம், ஐந்து பேர் ஒரு நட்சத்திரம். சராசரி மூன்று. இன்னொரு புத்தகத்துக்குப் பத்துப் பேருமே மூன்று. சராசரி அதே மூன்று. முதல் புத்தகம் உங்கள் வாழ்நாள் புத்தகமாக இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் சுமார்தான். சிரிப்புப் புத்தகங்களில் முதல் வகைப் பிளவு சர்வசாதாரணம். அதனால் சராசரியை விட்டுவிட்டு, எத்தனை பேர் இரு ஓரங்களில் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்து, குறை சொல்பவர்களை நிதானமாகப் படியுங்கள். எனக்கு மிகவும் உதவுவது ஒரு நட்சத்திரக் கருத்துகள்தான். குறைக்குள்ளேயே புத்தகத்தின் இயல்பு ஒளிந்திருக்கும்.

'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' பற்றி அடிக்கடி வரும் குறை, "கதையே இல்லை, அங்கங்கே தாவுகிறது" என்பது. எங்கள் அக்கா மூடி வைத்ததற்கும் அதுதான் காரணம். அது சரியான கவனிப்பு. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. இது முதலில் நாவலே இல்லை. 1978 மார்ச் 8 அன்று பிபிசி ரேடியோ 4-இல் தொடராக ஒலிபரப்பாகத் தொடங்கி, அடுத்த வருடம்தான் நாவலானது. வாரம் ஒரு பகுதி, ஒவ்வொன்றிலும் கேட்பவரைச் சிரிக்க வைத்து, கடைசியில் ஒரு இக்கட்டில் நிறுத்த வேண்டும். அந்த மூச்சுத்தான் புத்தகத்திலும் ஓடுகிறது. இது தெரிந்த பிறகு அக்கா ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று, தொடர் கேட்கிற மாதிரி மறுபடி ஆரம்பித்தார். முழுசாக முடித்தார். பிடித்ததா என்றால் பாதிதான் பிடித்தது. ஆனால் எந்தப் பாதி என்று இப்போது அவரால் சொல்ல முடிகிறது.

"பாத்திரங்கள் மனதில் நிற்கவில்லை" என்ற குறை தர்க்கச் சிரிப்புப் புத்தகங்களுக்கு எப்போதும் வரும். அங்கே யோசனைதான் கதாநாயகன். உங்களுக்கு மனிதர்கள்தான் முக்கியம் என்றால் அந்தக் குறையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். "பயமே வரவில்லை" என்ற குறைக்குப் படி 6-இல் வருகிறேன்.

படி 4: பென்சிலோடு படியுங்கள்

எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் பழகிப்போன முறை இது. பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு எழுத்து. வாய்விட்டுச் சிரித்த இடத்தில் 'சி'. உள்ளுக்குள் ஏதோ நடுங்கிய இடத்தில் 'ந'. புரியாமல் திரும்பப் படித்த இடத்தில் 'பு'. அவ்வளவுதான், விளக்கம் எழுத நிற்காதீர்கள். நின்றால் சிரிப்பு போய்விடும். நூலகப் புத்தகம் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளலாம்.

புன்னகைத்ததற்கெல்லாம் 'சி' போடக் கூடாது. சத்தம் வந்திருக்க வேண்டும். இதில் கண்டிப்பாக இருந்தால்தான் பின்னால் பயன்படும்.

ஒரே மூச்சில் படிப்பதையும் தவிருங்கள். திகில் நாவலை விடிய விடியப் படிக்கலாம், பயம் ஏறிக்கொண்டே போகும். சிரிப்பு அப்படி இல்லை, ஒரு அளவுக்கு மேல் காது மரத்துவிடும். 'சைபீரியட்'டை இரவுக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் நான்கு கதை படித்த நண்பருக்கு நான்காவது கதையில் ஒரு 'சி'கூட விழவில்லை. அதே கதையில் எனக்கு ஐந்து.

முடித்ததும் ஓரங்களைப் புரட்டிப் பாருங்கள். 'சி' எல்லாம் முன்பாதியிலும் 'ந' எல்லாம் பின்பாதியிலும் குவிந்திருந்தால், எழுத்தாளர் சிரிப்பில் ஆரம்பித்துத் திகிலுக்கு வண்டியைத் திருப்பியிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டும் ஒரே பக்கத்தில் மாறி மாறி விழுந்திருந்தால் அது வேறு வித்தை, இன்னும் கடினமானது. 'பு' அதிகமாக இருந்தால் உடனே புத்தகத்தின் மேல் பழி போடாதீர்கள். படி 7 வரை பொறுங்கள்.

படி 5: நகைச்சுவையைக் கழற்றிப் பாருங்கள்

இதுதான் நடுநாயகமான படி. உங்கள் 'சி' குறிகளில் ஒன்றை எடுத்து, அந்த நகைச்சுவை இல்லாமல் கதை நகருமா என்று கேளுங்கள்.

'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆர்தர் டெண்ட் என்பவரின் வீட்டை இடித்துச் சாலை போட வந்திருக்கிறார்கள். அவர் புல்டோசர் முன்னால் சேற்றில் படுத்துக்கொள்கிறார். திட்ட வரைபடம் இத்தனை மாதமாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததே, ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று அதிகாரி கேட்கிறார். எங்கே வைத்திருந்தார்கள் என்றால், விளக்கில்லாத நிலவறையில், பயன்படுத்தாத கழிவறைக்குள், பூட்டிய அலமாரியின் அடித்தட்டில். கதவில் சிறுத்தை ஜாக்கிரதை என்று பலகை வேறு. இங்கே என் ஓரத்தில் ஒரு 'சி'.

சில பக்கங்கள் தள்ளி வோகன்கள் என்ற வேற்றுக் கிரகவாசிகள் வருகிறார்கள், அண்டவெளிச் சாலைக்காகப் பூமியை இடிக்க. பூமியே அலறுகிறது. அவர்களும் அதே பதிலைச் சொல்கிறார்கள்: வரைபடம் ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்தில் உள்ள உங்கள் வட்டார அலுவலகத்தில் ஐம்பது வருடமாகப் பார்வைக்கு இருக்கிறது, நீங்கள் வந்து பார்க்கவில்லை. இங்கே நான் 'சி' போட்டு, பக்கத்திலேயே 'ந'வும் போட்டேன். ஏனென்றால் இந்த முறை உண்மையிலேயே இடித்துவிடுகிறார்கள்.

இப்போது முதல் நகைச்சுவையைக் கழற்றுங்கள். பூமி அழிவது வெறும் விபத்தாகிவிடும். சிறுத்தைப் பலகை இருப்பதால்தான் பூமியின் அழிவு, நாம் நன்றாக அறிந்த ஒரு அலட்சியத்தின் பெரிய வடிவமாகத் தெரிகிறது. ஒரே அநியாயம், ஒரு வீட்டளவிலும் ஒரு கிரக அளவிலும். அந்த நகைச்சுவைதான் கதையின் தூண். இதைக் கண்டுபிடித்த நாளில் 'செம' என்ற சொல்லுக்குப் பதிலாக எழுத என்னிடம் ஒரு பத்தி இருந்தது.

கழற்றினாலும் கதைக்கு எதுவும் ஆகாத நகைச்சுவைகளும் ஒவ்வொரு புத்தகத்திலும் இருக்கும். அது குற்றமில்லை. தூண்கள் எத்தனை, தோரணங்கள் எத்தனை என்று மட்டும் பாருங்கள். தோரணம் மட்டுமே இருக்கும் புத்தகம் பஸ்ஸில் படிக்க நன்றாக இருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள், படிக்கிறவருக்கு உதவும்.

படி 6: பயம் உண்மையானதா?

சிரிப்பும் திகிலும் கலந்த கதையில் ஆபத்து பொம்மையாக இருக்கக் கூடாது. இழப்பதற்கு யாருக்காவது ஏதாவது இருக்க வேண்டும். இதைச் சோதிக்க மறுபடி 'கேன்டர்வில் கோஸ்ட்'டுக்கே போகிறேன், ஏனென்றால் அங்கே பேய்க்குத்தான் ஆபத்து.

ஓட்டிஸ் என்ற அமெரிக்கக் குடும்பம் இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையை வாங்குகிறது. முந்நூறு வருடமாக அங்கே இருக்கும் பேயின் பெயர் சர் சைமன். நூலக அறையின் தரையில் அழியாத ரத்தக்கறை. ஓட்டிஸின் மூத்த மகன் ஒரு கறை நீக்கியை எடுத்து அதைத் துடைத்தே விடுகிறான். நள்ளிரவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் பேயிடம், சத்தம் அதிகமாக இருக்கிறது, இந்த எண்ணெயைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று புட்டியை நீட்டுகிறார் வீட்டுக்காரர். இரட்டைப் பிள்ளைகள் தலையணையை வீசுகிறார்கள். ஓரமெல்லாம் 'சி'.

துடைத்த கறை தினமும் காலையில் திரும்ப வருகிறது. ஆனால் நிறம் மாறுகிறது. ஒரு நாள் கருஞ்சிவப்பு, ஒரு நாள் ஊதா, ஒரு நாள் மரகதப் பச்சை. குடும்பமே பந்தயம் கட்டுகிறது. மகள் வர்ஜீனியா மட்டும் சிரிக்கவில்லை. காரணம் பின்னால்தான் தெரிகிறது: பேய் அவளுடைய வண்ணப் பெட்டியிலிருந்து திருடித்தான் கறையைத் தீட்டுகிறது. முதலில் சிவப்பெல்லாம் போயிற்று, அவளால் சூரிய அஸ்தமனம் வரைய முடியவில்லை. பிறகு பச்சையும் மஞ்சளும். கடைசியில் கருநீலமும் வெள்ளையும் மிஞ்ச, நிலவொளிக் காட்சிகள் மட்டும்தான் வரைய முடிகிறது. அவள் யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை.

முதல் வாசிப்பில் பச்சைக் கறைக்கு 'சி' போட்டிருந்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது கை நின்றுவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை விட்டுவிட மனமில்லாத ஒரு கிழவர், ராத்திரியில் ஒரு சிறுமியின் வண்ணப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்கிறார். அதன் பிறகுதான், முந்நூறு வருடமாகத் தூங்கவே இல்லை என்று அவர் சொல்லும் இடம் வருகிறது. அந்த வரி அப்படி இறங்குவதற்குக் காரணம், நாம் அவரைப் பார்த்து அவ்வளவு சிரித்திருக்கிறோம் என்பதுதான்.

ஆகவே "பயமே வரவில்லை" என்று யாராவது எழுதியிருந்தால், பயத்துக்குப் பதில் வேறு என்ன வந்தது என்று பாருங்கள். பரிவு வந்திருந்தால் புத்தகம் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒன்றுமே வராமல் பேயும் பொம்மை, மனிதர்களும் பொம்மை என்றால் அந்தக் குறை நியாயமானது. தயங்காமல் எழுதுங்கள்.

'ஹாரர்ஸ்டோர்' நேர்மாறு. அங்கே சிரிப்பு, கடை ஊழியர்களின் அன்றாட அலுப்பிலிருந்து வருகிறது. கடை நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறை ஒன்று இருந்த மண்ணில். வாடிக்கையாளரை ஒரே வழியில் நடக்க வைக்கும் கடையின் அமைப்பும், கைதியை ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்கும் சிறையின் அமைப்பும் ஒன்றின் மேல் ஒன்று படியும்போது பயம் வருகிறது. இதில் பேயைவிட அந்தக் கடையின் வரைபடம்தான் என்னைப் பயமுறுத்தியது.

படி 7: புத்தகத்தின் குறையா, தூரத்தின் குறையா?

இப்போது அந்த 'பு' குறிகளுக்கு வருவோம். ஆர்தரின் நண்பன் வேற்றுக் கிரகவாசி. பூமியில் யாரும் சந்தேகப்படக் கூடாதென்று சாதாரணமான பெயராகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்கிறான்: ஃபோர்டு ப்ரீஃபெக்ட். நான் இதைச் சும்மா தாண்டிப் போனேன். அது 1938 முதல் 1961 வரை பிரிட்டனில் தயாரான ஒரு கார் என்று பின்னால்தான் தெரிந்தது. தெருவெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, மனிதர்களின் பெயர் என்று நினைத்துவிட்டான். நம் ஊரில் ஒருவர் வந்து, "என் பெயர் பிரீமியர் பத்மினி" என்று கை குலுக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! சொன்னதும் மொட்டை மாடியே சிரித்தது. இந்த மாதிரி இடத்தில் குறை புத்தகத்திலும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் இருக்கும் கடலில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் படித்தால் இன்னொரு கேள்வி. லெமின் 'ந' இயந்திரக் கதையில், போலிஷ் மொழியில் ஒன்றுமில்லாததைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் நல்லவேளையாக ஒரே ஒலியில் தொடங்குகின்றன. 1974-இல் வந்த மைக்கேல் கேண்டலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கொண்டாடப்படுவது, இப்படிக் கைகொடுக்காத இடங்களிலும் புதிதாக விளையாட்டை உருவாக்கியதற்காகத்தான். தமிழில் என்ன செய்வது என்று நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். இன்மை, சூனியம், வெறுமை, எதுவும் 'ந'வில் தொடங்கவில்லை. கிளம்பும்போது படியில் இறங்கிக்கொண்டே அக்கா சொன்னார்: "ஏன், நாஸ்தி இருக்கே!" எல்லாம் நாஸ்தியாகிப் போச்சு என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதே நாஸ்தி. இல்லை என்ற பொருளும் இருக்கிறது, பாழாய்ப் போனது என்ற பொருளும் இருக்கிறது. லெமின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

காலத்தின் தூரமும் உண்டு. 'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' கதையில் டிரில்லியன் என்ற பெண், வானியல் படித்தவர். அவருக்கு ஆசிரியர் செய்யக் கொடுத்திருக்கும் வேலை மிகக் குறைவு. பல வாசகர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள், நானும் சொல்வேன். இதற்கு அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிட வேண்டியதில்லை. பிடித்த புத்தகத்தின் குறையை எழுதுவது அதைக் காட்டிக் கொடுப்பதாகாது.

படி 8: எழுதுங்கள்

ஐந்து வரி போதும். எந்த வீட்டுப் பிள்ளை, எங்கே சிரித்தேன், அது தூணா தோரணமா, எங்கே நடுங்கினேன் அல்லது ஏன் நடுங்கவில்லை, யாருக்குக் கொடுப்பேன். வரிசை எப்படி இருந்தாலும் சரி.

நகைச்சுவையைச் சொல்லிவிடாதீர்கள். கொலைகாரன் பெயரைச் சொல்வதைவிட இது பெரிய அநியாயம், ஏனென்றால் கொலைகாரன் தெரிந்தும் கதை படிக்கலாம். கேட்டுவிட்ட நகைச்சுவைக்கு இரண்டாம் முறை சத்தம் வராது. ஏற்பாட்டை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். நான் மேலே சிலவற்றை முழுதாகச் சொன்னது, கழற்றிக் காட்ட வேண்டியிருந்ததால். உங்கள் கருத்தில் அது வேண்டாம்.

எங்கள் வட்டத்து மாணவர் 'ஹாரர்ஸ்டோர்' பற்றி முதலில் எழுதியது: "வித்தியாசமான புத்தகம். செம பயம், செம காமெடி. கண்டிப்பா படிங்க." இரண்டு வாரம் கழித்து, ஓரக் குறிகளை வைத்துக்கொண்டு எழுதியது இது:

"ஓஹியோவில் ஒரு பெரிய மரச்சாமான் கடை. ராத்திரியில் யாரோ பொருள்களை உடைக்கிறார்கள், காவல் காக்க மூன்று ஊழியர்கள் தங்குகிறார்கள். முதல் பாதியில் என் 'சி' எல்லாம் மேலாளர் பேசும் இடங்களில். நான் வேலை பார்த்த துணிக்கடையில் இப்படியேதான் பேசுவார்கள். பாதிக்கு மேல் ஒரு 'சி'கூட இல்லை, அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அத்தியாயத் தலைப்பு விளம்பரங்களை மட்டும் வரிசையாகப் புரட்டினேன். அதிலேயே தனியாக ஒரு கதை ஓடுகிறது. கடையில் நின்று வேலை பார்த்தவர்களுக்குக் கொடுப்பேன். ராத்திரி தனியாக இருப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டேன்."

முதல் கருத்தில் அவர் இல்லவே இல்லை. இரண்டாவதில் அவருடைய துணிக்கடை இருக்கிறது, ஏமாற்றம் இருக்கிறது, அவரே கண்டுபிடித்த ஒரு விஷயமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அக்கா புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனார், பகலில் மட்டும் படிக்கிறேன் என்று சொல்லி.

படி 9: தேதி போட்டு வையுங்கள்

கருத்தின் கீழே தேதி எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே புத்தகத்தை வேறு நிறப் பென்சிலோடு படியுங்கள். எல்லாப் புத்தகத்துக்கும் வேண்டாம், மனதில் ஒட்டிக்கொண்டவைக்கு மட்டும். பழைய குறியை அழிக்காதீர்கள், பக்கத்தில் புதியதைப் போடுங்கள்.

என் 'கேன்டர்வில் கோஸ்ட்' பிரதியில் பச்சைக் கறை வரும் பக்கத்தில் கருப்புப் பென்சிலில் ஒரு 'சி' இருக்கிறது. அதன் பக்கத்தில் நீலத்தில் எதுவும் எழுதாத ஒரு சின்னப் புள்ளி. எந்த எழுத்தைப் போடுவது என்று அன்றைக்குத் தெரியவில்லை, பென்சிலை வைத்த இடத்திலேயே அப்படி நின்றுவிட்டேன். அடுத்த மாதம் அந்தக் கதைதான் எங்கள் வட்டத்தில் முறை. பிரதியை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், சிவப்புப் பென்சிலோடு.